பேசாமல் இருக்கும் உத்தியோகம்

கச்சிராயபாளையத்தில் பச்சையம்மாளிடம் வழி கேட்டவன் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. வழியைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்துகொண்டு போவான். யார் வயலில் கரும்பு வெட்டு நடக்கிறது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் திரும்பி வருவாளா, வராமல் இருந்தால் யாருக்கு நல்லது, எல்லாம் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டு தோளில் பையோடு நிற்பான். அவன் பிடிக்க வேண்டிய டவுன் பஸ் அவன் கண்ணெதிரிலேயே போகும். பச்சையம்மாள் மனசில் ஒரு கல்மிஷமும் கிடையாது. திறந்த வாய் மூட வராது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை கண்ணாயிரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பேர் இன்னா?" அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஜ்ஜி தீர்ந்து, காபி ஆறி, மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வாசலுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கண்ணாயிரம் மட்டும் இந்தப் பெண்தான் வேண்டும் என்று நின்றான். "எனக்குப் பேச வராது. வூட்ல ஒருத்தராவது பேசணுமில்ல?" என்றானாம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வாய் திறந்து பேசுவதெல்லாம் தன் டிராக்டரிடம்தான்.

இப்படிப்பட்டவள் தபால் வழியில் மனோதத்துவம் படித்தாள். அடுத்தவர் மனசில் இருப்பதைத் தெரிந்துகொள்ள அரசாங்கமே பட்டம் கொடுக்கிறதென்றால் பச்சையம்மாள் விடுவாளா? படித்து முடித்த கொஞ்ச நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகர் வேலை, ஒப்பந்தத்தில், தேடி வந்தது. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் விழுப்புரத்துக்குத்தான் ஓட வேண்டும். பயிற்சியும் அங்கேதான் நடந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் மெல்லிய குரல்காரர். "உங்கள் வேலை பேசுவது அல்ல. கேட்பது. எதிரில் இருக்கிறவர் தானாக வாய் திறக்கும்வரை காத்திருங்கள். மௌனத்தைக் கண்டு பயப்படாதீர்கள்" என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பச்சையம்மாள் வந்தே இருக்க மாட்டாளே! ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பெண் அழுகிற மாணவியாக நடிக்க வேண்டும், பச்சையம்மாள் கேட்க வேண்டும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பச்சையம்மாள் தன் மாமியார் கதையைச் சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள், மாணவியாக நடிக்க வந்தவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவளைக் காப்பாற்றியது கல்வராயன் மலைப் பாதை. முதல் நாள் மலைப் பள்ளிக்குப் போக பஸ் ஏறியவளுக்கு வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்தது. வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டு அடக்கினாள். நல்ல பெரிய கமர்கட், கன்னம் புடைத்துக்கொண்டது, பேச வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளை ஒரு தரம் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள், அப்புறம் தன் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கரியாலூர் வருவதற்குள் அழுது, மூக்கைச் சிந்தி, தெளிந்து, "உங்ககிட்ட பேசினதுல பாரம் கொறஞ்சிதுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பச்சையம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றிலிருந்து கைப்பையில் ஒரு பொட்டலம் கமர்கட் இல்லாமல் அவள் மலை ஏறியதில்லை.

கரியாலூரைத் தாண்டி ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. மலைப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படிப்பார்கள். பச்சையம்மாளுக்கு விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையை ஒதுக்கினார்கள். காற்றுப் போன வாலிபாலுக்கும் குண்டெறியும் குண்டுக்கும் நடுவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. விடுதிச் சோற்றில் கல், கணக்கில் பயம், ஒருத்திமேல் ஒருத்திக்குப் பொறாமை, ஒருவனுக்கு ஒன்றுமே இல்லாத துக்கம். பச்சையம்மாள் கன்னம் புடைக்க உட்கார்ந்து கேட்டாள். பிள்ளைகளுக்கு இந்த முறை பழகிப்போய், வாசலிலேயே குரல் கொடுப்பார்கள்: "டீச்சர், கமர்கட்ட போடுங்க. ஒரு சேதி சொல்லணும்."

பள்ளியின் தலைமையாசிரியர் கந்தசாமி, கணக்கு வாத்தியாரும் அவரே. சிரிப்பு என்பது சின்ன வகுப்போடு முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆசாமி. ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து இருசம்மாள் என்ற பெண்ணைத் தானே அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இத இன்னான்னு கேளு. எப்பப் பாரு சிரிச்சிக்கினே இருக்குது. முடிவிலிக் குறி, அதான் இன்ஃபினிட்டி, போர்டுல போட்டா, எட்டு படுத்துக்கினு தூங்குது சார்ங்குது. மொத்த கிளாஸும் கெட்டுப் போச்சி."

அவர் போனதும் பச்சையம்மாள் கமர்கட்டைப் போட்டுக்கொண்டு பெண்ணைப் பார்த்தாள். பெண் இவளைப் பார்த்தாள். புடைத்த கன்னத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள், தாங்கவில்லை, வெடித்துவிட்டாள். படுத்துக்கொண்டு தூங்குகிற எட்டு பச்சையம்மாள் மனசுக்குள்ளும் புகுந்திருந்தது. அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது, கமர்கட் தொண்டைக்குள் ஓடியது, இருமினாள், இருசம்மாள் எழுந்து வந்து முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள், கமர்கட் பறந்து வாலிபாலில் ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த கந்தசாமி, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். "ஒண்ண சரி பண்ணுன்னு அனுப்பிச்சன். இப்ப ரெண்டாயிடுச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இருசம்மாளிடம் ஒரு கோளாறும் இல்லை. மழை வந்தால் சிரிப்பாள், சோறு வெந்தால் சிரிப்பாள். சந்தோஷம் அவளுக்கு அந்த வழியாகத்தான் வெளியே வரும். சிரித்துக்கொண்டே நன்றாகவும் படித்தாள். "இன்னாவா ஆவணும்?" என்று பச்சையம்மாள் கேட்டதற்கு, "ஆட்டு டாக்டரு" என்று சொல்லி அதற்கும் சிரித்தாள். மலையில் மழைக்காலத்தில் ஆடுகள் வயிறு ஊதிச் சாகும். மருத்துவர் வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும், இறங்கி ஏறுவதற்குள் ஆடு போய்விடும். நாமக்கல்லில் அதற்கென்று கல்லூரி இருக்கிறது, அவள் வாங்குகிற மார்க்குக்கு முயற்சி பண்ணலாம் என்று பச்சையம்மாள் விசாரித்து வந்து சொன்னாள். பெண்ணைவிட இவளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு பஸ் கண்டக்டருக்கே கமர்கட் கொடுத்தாள்.

மார்கழி பிறந்தது. இருசம்மாள் சிரிப்பதை நிறுத்தினாள்.

வகுப்பு அமைதியாக இருக்கிறதே என்று கந்தசாமி முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம் அவருக்கே என்னவோ போலிருந்தது, கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு முடிவிலி போட்டுப் பார்த்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மார்கழியில் மலைக் குடும்பங்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போகும். ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஜீப் கொண்டு வருவார், ஏறிப் போனால் திரும்பி வர சித்திரை ஆகும். இதுவரை அப்பாவும் அம்மாவும் மட்டும் போய் வந்தார்கள். இந்த வருஷம் இருசம்மாளும் வர வேண்டும் என்று அப்பா சின்னதுரை சொல்லிவிட்டார். பொதுத்தேர்வு மார்ச்சில். மிளகுக்குப் போன பிள்ளை மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததை அந்தப் பள்ளி பார்த்ததில்லை. ஜீப்பும் நாளைக் கழித்து வருகிறது.

"அப்பாவ நீங்க ஒரு தடவ பாக்கறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"நான் வூட்டுக்கு வரட்டுமா?"

"வாணாம். நீங்க வந்தா அவுரு காட்டுக்குப் போயிடுவாரு. நானே அவர இங்க இட்டாரன்."

அன்று சாயங்காலமே விடுதியில் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அப்பாவிடம் உண்மையைத்தான் சொன்னாள். "எங்க ஸ்கூலுக்கு ஒரு அம்மா வர்றாங்க. நம்மள ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. சும்மா பாத்துக்கினே இருப்பாங்க. மனசுல இருக்கறது தன்னால வெளிய வந்துடும்." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் சின்னதுரை இப்படிப்பட்ட ஆட்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அவர்களிடம் குறி கேட்டிருக்கிறார். குறி கேட்கப் போகிறவனுக்கு மலையில் ஒரு முறை உண்டு. தன் கஷ்டம் இன்னதென்று அவன் வாயால் சொல்லவே கூடாது, சொல்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் சொல்வதற்கு 'ஆமா' அல்லது 'இல்ல' என்பதோடு சரி. எலுமிச்சம்பழம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசும்போது குறுக்கே பேசவும் கூடாது.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. எதிரில் இருக்கிறவர் பேசும்வரை பேசக்கூடாது என்று விழுப்புரத்தில் படித்தவள் ஒரு பக்கம். எதிரில் இருக்கிறவர் சொல்லும்வரை சொல்லக்கூடாது என்று மலையில் பழகியவர் ஒரு பக்கம்.

மறுநாள் காலையில் சின்னதுரையும் அவர் மனைவி காசியம்மாளும் குளித்து, நெற்றியில் திருநீறோடு வந்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார்கள். துணிப்பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து முன்னால் வைத்தார்கள். பெற்றோர் மரியாதைக்காகக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து பச்சையம்மாளும் தரையிலேயே உட்கார்ந்தாள். "வாங்க" என்றாள். கமர்கட்டைப் போட்டுக்கொண்டாள். இருசம்மாள் வாசற்படியில் குந்திக்கொண்டாள்.

யாரும் பேசவில்லை.

கமர்கட் கரைந்தது. இன்னொன்று போட்டாள். சின்னதுரை பக்தியோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பெற்றோரும் தன்னை இப்படிப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. இன்டர்வல் மணி அடித்தது, பிள்ளைகள் ஓடின, மறுபடி மணி அடித்தது. பச்சையம்மாளுக்குள் வார்த்தைகள் பொங்கி வந்து பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றன. அடக்குவதற்காகக் கண்ணை இறுக்கி மூடினாள்.

சின்னதுரை மனைவியை முழங்கையால் இடித்தார். "வருது."

கண்ணைத் திறந்தாள்.

"போயிடுச்சி" என்றார் அவர், வருத்தமாக.

பேசாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. பச்சையம்மாளுக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. அதைக் கண்டதும் காசியம்மாள் சட்டென்று கைகூப்பிவிட்டாள். சாமி இறங்குவதற்கு முன்னால் கொட்டாவிதானே வரும்! இரண்டாவது கொட்டாவிக்குச் சின்னதுரையும் கும்பிட்டார். மூன்றாவது வரவில்லை. அவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது பச்சையம்மாள் காதிலும் விழுந்தது.

"நம்ம காட்டு சாமியா இருந்தா இந்நேரம் வந்திருக்கும். இது படிச்ச சாமி. அதான் லேட்டாவுது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், கூப்பிய கைகளைப் பார்த்தாள், வாசற்படியைப் பார்த்தாள். மற்ற நாளாக இருந்தால் இருசம்மாள் இதற்கு மூன்று நாள் சிரித்திருப்பாள். இப்போது முகம் சுண்டிப்போய், இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கந்தசாமி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கம்பியில் மூக்கை வைத்து, "சொல்லிடும்மா! பொண்ணு படிக்கணும்னு சாமி சொல்லிச்சின்னு ஒரே வார்த்த. ஜோலி முடிஞ்சிது" என்று கிசுகிசுத்தார். கணக்கு வாத்தியார்! சாமியாட எனக்குத் தெரியாதா, ஒரு நிமிஷம் தலையை விரித்துப்போட்டால் போதுமே என்று பச்சையம்மாளுக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் இந்தச் சாமி சொன்னதை நாளைக்குப் பக்கத்து வெள்ளிமலையில் இன்னொரு சாமி மாற்றிச் சொல்லிவிட்டால்? அதைவிட, இந்த அறையில் இதுவரை பிள்ளைகள் யாரிடமும் அவள் பொய் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பிள்ளைதான்.

கமர்கட்டை எடுத்துத் தாளில் சுற்றி வைத்தாள்.

"அண்ணே, எனக்கு சாமியெல்லாம் வராதுங்க. நான் குறி சொல்றவ இல்ல. கொட்டாவி வந்தது தூக்கத்துல. சத்தியமா சொல்றன்."

சின்னதுரை முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாங்க வர்றம்மா" என்று எழுந்தார். அவ்வளவுதான், இவர் போனால் நாளைக்கு ஜீப்! பச்சையம்மாள் பதறி எழுந்தாள்.

"இருங்கண்ணே. எலுமிச்சம்பழத்த முன்னால வெச்சிட்டு, ஒண்ணும் கேக்காம திருப்பி எடுத்துக்கினு போவலாமா?"

"போவக்கூடாது" என்றாள் காசியம்மாள் உடனே. "வூட்டுக்கு ஆவாது."

"அப்ப யாராவது சொல்லித்தான் ஆவணும். உங்க வூட்டு மனச கண்டுபுடிக்க நான் யாரு? அந்த வூட்லயே பொறந்து வளந்தவ ஒருத்தி வாசப்படில குந்திக்கினு இருக்கா. பழத்த அவ கையில குடுங்க. சாமி பேர்ல வாணாம். அவ பேர்லயே சொல்லட்டும். நீங்க ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. போதும்."

சின்னதுரை யோசித்தார். இப்படி ஒரு முறையை அவர் கேள்விப்பட்டதில்லை. காசியம்மாள் யோசிக்கவில்லை, பழத்தை எடுத்து மகள் கையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இருசம்மாள் பழத்தைக் கையில் உருட்டினாள். ஆடு, தேர்வு, நாமக்கல் என்றுதான் ஆரம்பிப்பாள் என்று பச்சையம்மாள் நினைத்தாள். அவள் வேறெங்கோ போனாள்.

"அப்பா, போன வருசம் எனக்குத் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனம். கச்சிராயபாளையத்துல எறங்கி பஸ் மாறனம். நீ ஒரு பஸ்ஸுல ஏறுன்ன. அது கோமுகி அணைக்குப் போயிடுச்சி. ஆமாவா?"

"ஆமா" என்றார் சின்னதுரை, தரையைப் பார்த்தபடி.

"நா சிரிச்சன்."

"ஆமா."

"அன்னியிலிருந்து நீ எங்கூட பஸ்ஸுல ஏறல. வூட்ல நா சிரிச்சா எழுந்து வெளிய போயிடுற. பஸ் போர்டு படிக்கத் தெரியாத அப்பன்னு நா சிரிச்சன்னு நெனச்சிக்கினு இருக்கிற. இப்பவே இப்புடி, இன்னும் படிச்சா ஊரு முன்னாடி சிரிப்பாளேன்னு உனக்கு பயம். மெளகுக்கு ஆளு பத்தலன்னு இட்டுக்கினு போவல. அதுக்குத்தான் இட்டுக்கினு போற."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கந்தசாமியின் கை கீழே இறங்கியது.

"நா அதுவரைக்கும் அணையப் பாத்ததே இல்லப்பா" என்றாள் இருசம்மாள். "அவ்ளோ தண்ணி. தப்பா ஏறாம இருந்தா பாத்திருக்கவே மாட்டன். அந்த சந்தோசத்துல சிரிச்சன். உன்ன இல்ல."

சின்னதுரை 'ஆமா' சொல்ல வேண்டும், இல்லை 'இல்ல' சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இருந்த மௌனம் ஒன்றுமே இல்லை, இதுதான் மௌனம். பச்சையம்மாளுக்கு இப்போது வாயை அடைக்க ஒன்றும் தேவைப்படவில்லை. கண்ணீர் ஓடி மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவும் தோன்றவில்லை.

"ஆமா" என்றார் கடைசியில். "அதான் பயம்."

பிறகு கை நீட்டி மகளிடமிருந்து பழத்தை வாங்கிக்கொண்டார். இனி அவர் முறை.

"சிரி. வாணாங்கல. ஆனா என் எதுருல நின்னு சிரி. முதுவுக்குப் பின்னால மட்டும் சிரிச்சிடாத பாப்பா."

"நா இங்கியே இருந்து பரீட்ச எழுதட்டுமாப்பா?"

"எழுது."

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் திட்டினாள். "இத பேச ஒரு வருசமா உங்களுக்கு? ஒரு தேங்கா தெண்டம்." தேங்காய் தண்டம் ஆகவில்லை. கந்தசாமி உள்ளே வந்து, அதை வாங்கி, குண்டெறியும் குண்டில் தட்டித் தானே உடைத்தார். உடைத்துவிட்டு இருசம்மாளைப் பார்த்து, "நாளைக்கி கிளாஸுல முடிவிலி இருக்குது" என்றார்.

மறுநாள் காலை பச்சையம்மாள் முதல் பஸ்ஸில் மலை ஏறி வந்துவிட்டாள். ஜீப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பின்பக்கத்தில் மூட்டை முடிச்சு, பாத்திரம், அதற்கு மேல் ஆட்கள். பனிக்காகச் சின்னதுரை மேஸ்திரி கொடுத்த குரங்குக் குல்லாயைப் போட்டிருந்தார். அவசரத்தில் கோணலாக மாட்டியிருந்தார் போல, ஒரு கண் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இருசம்மாள் பார்த்தாள். பச்சையம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினாள். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வாசலில் நின்று, அப்பாவின் முகத்துக்கு நேராக, மலையே கேட்கும்படி சிரித்தாள்.

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "யாருடா அது, யாரப் பாத்து சிரிக்குது?" என்று ஒருவன் கேட்டான்.

சின்னதுரை குல்லாயைச் சரி பண்ணவில்லை. தெரிந்த அந்த ஒரு கண்ணை அகல விரித்து, கையைத் தூக்கி ஆட்டினார்.

"எம் பொண்ணுதான். என்னப் பாத்துதான் சிரிக்கறா."